குறையாத தண்ணீர் கேன்

மதியச் சாப்பாடு முடிந்தும் தண்ணீர் கேன் அப்படியே நிறைந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. மே மாத வெயில். பெரம்பலூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் செருப்புத் தொழிற்சாலையின் தையல் பிரிவுக்குத் தகரக் கூரை வேறு. ஆனாலும் ஒருவரும் குடிக்கவில்லை.

பணியாளர் நலப் பிரிவில் நான் சேர்ந்த புதிது. அதற்கு முந்தைய வாரம்தான், சிறுவாச்சூரிலிருந்து வரும் ஓர் அக்கா மிஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்திருந்தார். இரண்டாவது தடவை. உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். இன்னொரு தடவை விழுந்தால் வேலைக்கு வர வேண்டாம் என்றார் மேனேஜர். நான் ஓடியாடி, லைன் என்று சொல்லும் ஒவ்வொரு மிஷின் வரிசைக்கும் ஒரு கேன் வைத்தேன், 'தண்ணீர் குடிப்போம்' என்று போஸ்டரும் ஒட்டினேன்.

"ஏன்க்கா குடிக்க மாட்டேங்குறீங்க?"

"குடிச்சா போவணும்ல பாப்பா," என்றார் அந்த அக்கா.

பக்கத்து மிஷின்கார அக்கா சிரித்தார். "எங்க போறதுன்னும் ஒரு படம் போட்டு ஒட்டிரு!"

லைனுக்கு ஒரே ஒரு கழிவறை அட்டை. சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டும். ஒருவர் எழுந்தால் அடுத்த மிஷினுக்குத் தோல் வராது, லைன் நின்றுவிடும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து காலையில் வீட்டிலேயே தண்ணீரை நிறுத்திக்கொண்டு வருகிறார்கள்.

நேரே மேனேஜரிடம் போனேன். அட்டையை எடுத்துவிடலாம், எழுந்து போகிறவரின் இடத்தில் உட்கார ஒரு மாற்றாள் போடலாம் என்றேன்.

"ஆளுக்கு எங்கம்மா போறது? நீ உக்காந்து தைக்கிறியா?"

"தைக்கிறேன் சார்."

சொல்லிவிட்டேன். எனக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்க வராது.

மேனேஜர் சுவர் காலண்டரைப் பார்த்தார். "சரி, ஒரு லைன்ல ஒரு வாரம். உற்பத்தி கொறஞ்சா பழையபடி அட்டைதான். மயங்கி விழுந்த அந்தம்மாவப் பத்தியும் அதுக்கப்புறம் முடிவு பண்ணிக்கலாம்."

இப்போது சாப்பாட்டு நேரத்தில் வீணான தோல் துண்டுகளில் தைத்துப் பழகுகிறேன். தையல் நேராகப் போக மாட்டேன் என்கிறது. "என்னா பாப்பா, மினி பஸ் போற ரூட்டு மாதிரி சுத்துது?" என்கிறார் சிறுவாச்சூர் அக்கா.

திங்கட்கிழமை அவருடைய லைனில்தான் ஆரம்பம். முதல் ஆளாக அவரை எழுப்பி அனுப்பிவிட்டு, அந்த மிஷினில் நான் உட்கார வேண்டும்.