நிரப்பாத படிவம்

பல வருடங்களுக்கு முன், சுவிட்சர்லாந்தின் ஊஸ்டரில் ஒரு மரக்கறிக் கடையில் நான் ஒரு பிழை செய்தேன். தெரியாத ஒன்றைத் தெரிந்தவன் போலச் சொன்னேன்.

ஊரில் நான் ஆசிரியர். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவியபோதும் எல்லோருக்கும் 'மாஸ்டர்'தான். ஜெர்மன் கடிதம் வந்தால் என்னிடம் கொண்டுவருவார்கள். கடைக்காரர் என் நண்பர். போரில் இறந்த தம்பியின் மகளைச் சிறு வயதிலிருந்து வளர்த்தவர். அவள் அவரை அப்பா என்றே கூப்பிடுவாள். அவளைச் சட்டப்படி தத்தெடுக்கும் படிவத்தை ஒருநாள் நீட்டினார்.

"இதை நிரப்பத்தான் வேணுமோ, மாஸ்டர்?"

கடையில் நாலுபேர் நின்றார்கள். விசாரித்துச் சொல்கிறேன் என்று சொல்லக் கூச்சம்.

"உம்மட பிள்ளைக்கு என்னத்துக்குப் பேப்பர்? பிள்ளையளுக்கு இங்க வாரிசு வரி இல்லை."

படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

போன வருடம் அவர் இறந்தார். கடையை அவளுக்கே எழுதியிருந்தார். வரி அலுவலகக் கடிதத்தை அவள் என்னிடமே கொண்டுவந்தாள். சட்டத்துக்கு அவள் மகள் இல்லை, தம்பியின் பிள்ளை. மகளுக்கு இல்லாத வரி அவளுக்கு இருந்தது. கடையை விற்றால்தான் கட்டலாம்.

அன்று வாசித்துக் காட்டி, என் பங்கைச் சொல்லாமலே அவளை அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது போய்ச் சொன்னேன்.

"இது என்ர பிழை, பிள்ளை. தெரியாமல் சொன்னனான்."

முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"தெரியும், மாமா. தொழிற்பள்ளியில படிச்சனான். அப்பாட்டையும் சொன்னனான்."

"பிறகேன் நிரப்பேல்லை?"

"மாஸ்டர் வேண்டாமெண்டவர், வேற ஆளிட்டப் போனா அவருக்கு நோகும், பிறகு ஆறுதலாப் பாப்பம் எண்டார். ஆறுதலாப் பாத்துக்கொண்டே போயிட்டார்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். என் முகம் வாடக்கூடாதென்று ஒரு மனிதர் தன் கடையையே பணயம் வைத்திருக்கிறார்.

திங்களன்று அவளுடன் வரி அலுவலகம் போனேன். விளங்காத இடத்திலெல்லாம் விளங்கவில்லை என்றேன். கடையைத் தொடர்ந்து நடத்துபவருக்கு வரிக்குறைப்பு உண்டு என்று அங்கிருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார். விண்ணப்பித்தோம். வரி குறைந்தது. நண்பரின் சேமிப்பெல்லாம் அதற்கே போனது. கடை தப்பியது.

அவளுடைய ஜெர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் கடிதம் வந்தால் இன்றும், "மாமா, ஒருக்காப் பாருங்கோ," என்று நாலுபேர் முன்னால்தான் நீட்டுகிறாள். "தெரியேல்லை, விசாரிப்பம்," என்று அந்த நாலுபேருக்கும் கேட்கச் சொல்லும்போதெல்லாம், நான் என் நண்பருக்குத்தான் பதில் சொல்கிறேன்.