மொட்டை மாடிக்கு ஏறிய எலும்புப் பை

போன வாரம் மேடவாக்கத்தில் எங்கள் எதிர் ஃபிளாட் பெண் கதவைத் தட்டினாள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்து இன்னும் பதினைந்து நாள் ஆகவில்லை. கையில் கூரியரில் வந்த பெரிய அட்டைப்பெட்டி. பிரித்தால் உள்ளே ஒரு முழு மனிதனின் எலும்புகள், எல்லாம் பிளாஸ்டிக். பளீரென்ற வெள்ளை, ஒவ்வொன்றிலும் நம்பர், புதுச் செருப்பு வாசனை.

"அக்கா, நீங்க ஃபர்ஸ்ட் இயர்ல எதை வச்சுப் படிச்சீங்க?" என்று கேட்டாள்.

ஒரு மனுஷரை வைத்துப் படித்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் பயந்துவிடுவாள் என்று காபி போடப் போய்விட்டேன். உங்களிடம் சொல்லலாம்.

அப்போது நாங்கள் முடிச்சூரில் இருந்தோம். தரைத்தளம் மட்டும் உள்ள சின்ன வீடு, வெளிப்பக்கம் படிக்கட்டு, மேலே பாதி மாடிக்குக் கல்நார் ஷீட் கூரை. அப்பா கம்பெனி வேன் ஓட்டினார். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். மெடிக்கல் சீட் கிடைத்ததும் எங்கள் தெருவே என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எனக்கோ நான் டாக்டரைவிட நோயாளி என்றே தோன்றிய காலம் அது. கல்லூரிக்குப் போன பிறகுதான், பாடம் நடத்துபவர் பேசுவதில் பாதி எனக்குப் புரியவில்லை என்பதும், புரிந்த பாதிக்கும் பதில் சொல்ல வராது என்பதும் தெரிந்தது.

முதல் மாதம். உடற்கூறு வகுப்பில் ஒரு தொடை எலும்பைத் தூக்கிக் காட்டி "சைடு?" என்று பேராசிரியர் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியும். நிஜமாகவே தெரியும். ஆனால் பதற்றத்தில் 'ரைட்' என்பதற்குப் பதிலாகத் தமிழில் "வலது" என்று சொல்லிவிட்டேன். ஒரு பெஞ்சு சிரித்தது, பிறகு எல்லா பெஞ்சும். அவர் சிரிக்கவில்லை, அடுத்தவரிடம் போய்விட்டார். அதிலிருந்து நான் கடைசி வரிசைக்குப் போனேன், வாயைத் திறக்கவில்லை. பொங்கல் வரை பார்ப்போம், அதற்குப் பிறகு தாம்பரத்திலேயே ஏதாவது பி.எஸ்ஸி. சேர்ந்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவே செய்துவிட்டேன். வீட்டில் சொல்லவில்லை.

இந்த லட்சணத்தில்தான் சீனியர் அக்கா ஒருத்தி தன்னுடைய எலும்பு செட்டைப் படிக்கக் கொடுத்தாள். அந்த நாளில் அப்படித்தான். ஒரு பேட்ச் படித்து முடித்ததும் அடுத்த பேட்சுக்குக் கைமாறும். நிஜ எலும்புகள். பழுப்பேறி, கைபட்டுக் கைபட்டு வழவழவென்று ஆகியிருந்தன. "யாரோ ஒருத்தர் நமக்காகக் கொடுத்தது. பத்திரமா வச்சுக்கோ" என்றாள். ஒரு அரிசிப் பையில் போட்டு மின்சார ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கூட்டத்தில் நின்ற ஒருவர் "பையைக் கீழ வைம்மா, எடம் கெடைக்கும்" என்றார். மனம் வரவில்லை.

அம்மா பையைத் திறந்து பார்த்தாள், மூடினாள்.

"இது வூட்டுக்குள்ள வராது" என்றாள்.

படிக்கட்டுக்குக் கீழே சுவரில் ஒரு ஆணி அடித்து மாட்டச் சொன்னாள். மறுநாள் பார்த்தால் பையின் வாயில் ஒரு கொத்து வேப்பிலை சொருகியிருந்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்து படிப்பேன். அம்மா அந்தப் பக்கம் வரும்போது புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு வேகமாகக் கடப்பாள். ஆனால் கொஞ்ச நாளில் "அது" என்பது "அவரு" ஆகிவிட்டது. "சாரல் அடிக்குது, அவரை உள்ள தள்ளி மாட்டு" என்பாள்.

அந்த டிசம்பரில்தான் வெள்ளம்.

விடியற்காலை. அம்மா என்னை உலுக்கி எழுப்பியபோது கட்டிலுக்குக் கீழே செருப்புகள் மிதந்துகொண்டிருந்தன. அப்பா வேனோடு மேடவாக்கம் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தார், சாலை துண்டிக்கப்பட்டுவிட்டது. நான் சர்டிபிகேட் பையையும் காலேஜ் பையையும் எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். அம்மா அரிசியும் அடுப்பும் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்போது திடீரென்று மறுபடி இறங்கினாள். கத்திக் கூப்பிட்டேன், திரும்பவில்லை. பீரோவில் இருந்த நகைக்குத்தான் போகிறாள் என்று நினைத்தேன்.

அரிசிப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு ஏறி வந்தாள். அதுவரை ஒருநாளும் அதை அவள் தொட்டதில்லை.

"ஏம்மா?" என்றேன்.

"அவரால ஏறி வர முடியுமா?" என்றாள். மூச்சிரைத்தது.

பக்கத்து ஓட்டு வீடுகளில் இருந்தவர்களும் எங்கள் மாடிக்கு வந்தார்கள். கடைசியாக ஏறியவர் இஸ்திரி போடும் கஸ்தூரி அக்கா. பாசி பிடித்த படியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்துவிட்டார். மணிக்கட்டு கவிழ்த்து வைத்த முள்கரண்டி மாதிரி வளைந்திருந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரியாக மூன்று மாத டாக்டரை.

"இன்னா டாக்டரே, கை போச்சா?" என்றார் கஸ்தூரி அக்கா. நல்ல கையால் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்த வாரம் படித்தது முன்கை எலும்புதான். பையைத் திறந்து, ரேடியஸ் என்கிற வலது முன்கை எலும்பை எடுத்து அவர் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். "அக்கா, இந்த எலும்பு இங்க வந்து முடியுது. இந்த முனையிலதான் உடைஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். அசைக்காம வச்சா போதும், பெரிய டாக்டர் பாத்துப்பாங்க" என்றேன். என் ரெக்கார்டு நோட்டின் கெட்டி அட்டையைக் கிழித்து, கைக்கு அடியில் கொடுத்து, துப்பட்டாவால் கட்டினேன். சுற்றி நின்ற குழந்தைகள் எலும்பு எலும்பாகக் கேட்க ஆரம்பித்தார்கள். இது எது, அது எது, இது ஏன் இங்கே வளைந்திருக்கிறது. அன்று முழுக்க மழைக்கு நடுவே ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது, எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது என்று. கஸ்தூரி அக்காவும் வலியை மறந்து கேட்டார். அம்மா ஓரமாக உட்கார்ந்து கேட்டாள்.

மறுநாள் காலை மீனவர்கள் படகு கொண்டுவந்தார்கள். "பையில இன்னா கீது?" என்றார் ஒருவர்.

"எலும்புண்ணா. படிக்கிறதுக்கு."

அவர் பையையும் என்னையும் பார்த்தார். "உசுரோட கீறவங்கோ மொதல்ல ஏறுங்க. அவரு கடைசியா வரட்டும்" என்றார். சொன்னபடியே கடைசியில் இரண்டு கையாலும் வாங்கி, படகின் முனையில் பத்திரமாக வைத்தார்.

ஒரு கல்யாண மண்டபத்தில் முகாம். அங்கிருந்த டாக்டர் கஸ்தூரி அக்காவின் கட்டைப் பார்த்து, யார் போட்டது என்று கேட்டார். அக்கா நல்ல கையால் என்னைக் காட்டினார்.

"என்னன்னு நினைச்சுக் கட்டினே?"

"லோயர் எண்ட் ஆஃப் ரேடியஸ், சார். ரைட் சைடு." வாயிலிருந்து தானாக வந்தது.

"எக்ஸ்ரே எடுத்தா தெரிஞ்சுடும். கட்டு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விட்டார். அவ்வளவுதான். எக்ஸ்ரேயில் நான் சொன்ன இடம்தான் உடைந்திருந்தது. பி.எஸ்ஸி. யோசனையை அந்த மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்தேன். கல்லூரி திறந்ததும் முதல் கேள்விக்கே எழுந்து நின்றேன். 'ஆர்ட்டரி' என்பதை நான் உச்சரித்த விதத்துக்கு என் நண்பர்கள் இன்றும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

வீட்டுக்குத் திரும்பியபோது முழங்கால் வரை சேறு. அம்மா பாத்திரங்களைத் தொடவில்லை. முதலில் அந்த எலும்புகளை ஒவ்வொன்றாக அலசி, அப்பாவின் வெள்ளை வேட்டியை மாடியில் விரித்துக் காயவைத்தாள். நான் எண்ணினேன். வலது மணிக்கட்டில் பட்டாணி அளவுக்கு ஓர் எலும்பு குறைந்தது. சேற்றையெல்லாம் துழாவிப் பார்த்தோம், இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் போய், அழுதுகொண்டே சீனியர் அக்காவிடம் சொன்னேன்.

"அதுவா? எங்கிட்ட வரும்போதே இல்லையேடி. நீ வாங்கறப்ப எண்ணலையா?" என்றாள்.

அதன்பிறகு அந்தப் பை வீட்டுக்குள், அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. விருந்தாளிகள் கேட்டால், "எங்க வூட்டு ஆளுதான். ரேஷன் கார்டுல பேரு மட்டுந்தான் இல்ல" என்பாள் அம்மா.

வருடம் முடிந்ததும் ஒரு ஜூனியர் தம்பியிடம் கொடுத்தேன். அவனும் தமிழ் மீடியம். எண்ணித்தான் கொடுத்தேன். அவன் யாரிடம் கொடுத்தான், அவர் இப்போது எங்கே இருக்கிறார், தெரியவில்லை. முடிச்சூர் வீட்டையும் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது, தரைத்தளத்தில் கார்கள் மட்டும். அம்மா வேட்டி விரித்த மொட்டை மாடியின் உயரத்தில் இன்று யாருடைய சமையலறையோ இருக்கிறது. ஒருநாள் காலை அந்த வழியாகப் போனபோது நின்று பார்த்தேன். உள்ளே குக்கர் விசிலடித்தது, ஒரு பெண் யாரையோ காலேஜுக்கு நேரமாகிறது என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.