வைகாசிக்குப் போட்ட டிக்கெட்

இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தங்கள் உயரம் மனப்பாடம். பெயரைக் கேட்டால் வெட்கப்பட்டு அம்மாவின் பின்னால் ஒளிகிற குழந்தைகூட, உயரம் கேட்டால் சென்டிமீட்டர் கணக்கில் சட்டென்று சொல்லிவிடும். பஸ்ஸில் காசில்லாமல் ஏறிக்கொள்ள ஓர் உயரம், நீச்சல் குளத்தில் இறங்க ஓர் உயரம், தீம் பார்க்கில் ராட்டினத்துக்கு ராட்டினம் ஓர் உயரம். சிங்கப்பூருக்கு வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. திருச்சி மன்னார்புரத்தில் நான் வளர்ந்தபோது என்னை யாரும் அளந்து பார்த்ததில்லை. பாவாடை குட்டையாகிவிட்டால் பிள்ளை வளர்ந்துவிட்டாள் என்று அர்த்தம், அவ்வளவுதான். இப்போது எங்கள் வீட்டு நிலைக்கதவிலும் பென்சில் கோடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. சென்ற ஆண்டு ஒரு காலையில் என் மகள் யாழினி அந்தக் கதவில் முதுகை ஒட்டி நின்று, தலையில் ஸ்கேலை வைத்துப் பார்த்து, வீடே அதிரக் குதித்தாள். இங்குள்ள தீம் பார்க்கில் தண்டவாளத்தில் தலைகீழாகப் பாயும் பெரிய ராட்டினத்துக்கு வேண்டிய உயரத்தை அவள் எட்டிவிட்டாள். குதித்து முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, தாத்தா எப்போ வருவாங்க என்பதுதான்.

தாத்தா என்றால் என் அப்பா. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடியோ காலில் பேத்தி அந்த ராட்டினத்தைப் பற்றி அளந்துவிடும்போதெல்லாம், நீ அந்த அளவு வளந்துடு, தாத்தா வந்து உன்கூட ஏறுறேன் என்று சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகளிடம் பெரியவர்கள் இப்படி ஆயிரம் சொல்வோம். பிள்ளைகள்தான் மறப்பதில்லை. சரி, ஜூன் மாதப் பள்ளி விடுமுறைக்கு அம்மாவையும் அப்பாவையும் வரவழைத்துவிடலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பாவின் முழங்காலுக்கு எந்த ராட்டினம் ஒத்துவரும், அம்மா சாப்பிட அங்கே என்ன கிடைக்கும், மழை பெய்தால் எங்கே ஒதுங்குவது என்று ஆபீஸிலும் அதே யோசனை. பக்கத்து மேசையில் இருக்கும் சீனத் தோழி, ஒரு கல்யாணமே நடத்தப் போகிறாய் போலிருக்கிறதே என்று கேலி செய்தாள்.

தேதி பார்ப்பதில்தான் என் கெட்டிக்காரத்தனம் முழுவதையும் காட்டினேன். என் கணவர் ஸ்ரீரங்கத்துக்காரர். அவர்கள் வீட்டில் நாள், கிழமை எல்லாம் பெருமாளை வைத்துத்தான். என் மாமியார் வருடா வருடம் அங்கிருந்து ஒரு தினசரிக் காலண்டர் அனுப்பிவிடுவார். உற்சவ நாள்களையெல்லாம் அவரே சிவப்பு மையில் சுழித்துத்தான் அனுப்புவார். அது எங்கள் சமையலறையில் தொங்குகிறது. கல்யாணமாகி வந்ததிலிருந்து எனக்கு அதுதான் காலண்டர். முதலில் ஜூன் கடைசி வாரத்தைத்தான் நினைத்திருந்தேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று மாமியாருக்கு போன் போட்டேன். ஆனியில் ஜேஷ்டாபிஷேகம் வருகிறது, காவிரியிலிருந்து யானைமேல் தீர்த்தம் வரும் நாள், அன்றைக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ராட்டினத்தில் சுற்ற வேண்டாமே என்றார். நியாயம்தானே. உடனே பயணத்தை முன்னால் நகர்த்தி ஜூன் முதல் வாரத்துக்கு வைத்தேன். மாமியாருக்கு மகிழ்ச்சி. பொறுப்பான மருமகள் என்று எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

அதன் பிறகுதான் அப்பாவுக்குத் தேதியைச் சொன்னேன். கவனியுங்கள், கேட்கவில்லை, சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேம்மா. நீ போடு. எங்களுக்கு என்ன, எப்ப வேணா வருவோம்."

அம்மா போனை வாங்கி, எல்லாத்தையும் நல்லா பாத்துப் போட்டியாடி என்று மட்டும் கேட்டாள். எல்லாம் பார்த்துவிட்டேன் என்று அடித்துச் சொல்லிவிட்டு, அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

ஜூன் முதல் வாரம் என்றால் வைகாசி. அந்த ஒரு விஷயத்தை மறந்ததற்கு என்னை எதனால் அடித்தாலும் தகும். அப்பாவுக்குச் சொந்த ஊர் முசிறிக்குப் பக்கத்தில், காவிரி ஓரம், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஊர். அங்கே மாரியம்மனுக்கு வைகாசியில்தான் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் தோய்த்த நூலில் வேப்பிலையும் மஞ்சள் கிழங்கும் முடிந்து, பூசாரி முதல் காப்பை எங்கள் பங்காளிகளில் மூத்தவர் கையில் கட்டுவார். அந்த மூத்தவர் அப்பா. அதைக் கட்டிக்கொண்டால் மஞ்சள் நீராட்டு முடிந்து அவிழ்க்கும்வரை அவர் ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. அவர் வீட்டிலும் யாரும் வெளியூர்ப் பயணம் வைக்கக் கூடாது. அப்பா அத்தனை நாளும் ஊரில் சித்தப்பா வீட்டில்தான் தங்குவார். ஈரத்துணியோடு கோயிலைச் சுற்றுவார், ஒருவேளைச் சாப்பாடு, தரையில் படுக்கை. எனக்குத் தெரிந்து ஒரு வைகாசிகூட அவர் இதை விட்டதில்லை. லீவு கொடுக்காத மேலதிகாரியிடம் சண்டை போட்டிருக்கிறார். சொந்த மச்சான் கல்யாணத்துக்குப் போகாமல் இருந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

எனக்கும் அந்தக் காப்பின்மேல் ஒரு காலத்தில் கோபம் உண்டு. நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில், எங்கள் தெருவே சேர்ந்து வேன் பிடித்துச் சென்னையில் ஒரு தீம் பார்க்குக்குப் போனது. என் தோழிகள் அத்தனை பேரும் போனார்கள். எங்கள் வீட்டில் காப்பு கட்டியிருந்தது. அப்பா ஊரிலிருந்து அதிகாலை பஸ்ஸில், பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டு, எங்களைப் பார்க்க வந்திருந்தார். வேன் கிளம்பும்போது வாசலில் நின்று ஓவென்று அழுத என்னைத் தூக்கிக்கொள்ளப் பார்த்தார். தூக்குகிற வயதை நான் தாண்டியிருந்தேன். கையில் மஞ்சள் நூலோடு என் கண்ணைத் துடைத்துவிட்டு, இதைவிடப் பெரிய எடமா ஒருநாள் அப்பா கூட்டிட்டுப் போறேன் பாப்பா என்றார். நான் நம்பவில்லை. சாயங்காலம் அவர் பஸ் ஏறும்வரை அவரோடு பேசவும் இல்லை. பிறகு வளர்ந்து, படித்து, வேலை கிடைத்து, கல்யாணமாகிக் கடல் தாண்டி வந்த பிறகு, அந்த வேனும் மறந்தது. வைகாசியும் மறந்தது. ஸ்ரீரங்கத்துப் பெருமாளின் ஒரு நாளுக்காகத் தேதியை மாற்றத் தெரிந்த எனக்கு, பிறந்த வீட்டு மாரியம்மன் எந்த மாதத்தில் காப்பு கட்டிக்கொள்வாள் என்பது தோன்றவே இல்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்களில் எத்தனை பேருக்குப் பிறந்த வீட்டின் நாள்கள் இன்னும் நினைவிருக்கின்றன?

அவர்கள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, சித்தி எங்கள் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ போட்டாள். ஆபீஸில் மதியச் சாப்பாட்டின்போது திறந்து பார்த்தேன். உடுக்கைச் சத்தம், சாம்பிராணிப் புகை, கூட்டம். பூசாரி நூலோடு நிற்கிறார். அவர் எதிரே ஈர வேட்டியோடு நிற்பது அப்பா இல்லை, சித்தப்பா. அவர் தயங்கித் தயங்கிக் கையைப் பின்னுக்கு இழுக்கிறார். பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்ற அப்பா, தம்பியின் வலது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துப் பூசாரியிடம் நீட்டுகிறார். முடிச்சு விழுந்ததும் குலவைச் சத்தம். அப்பா இரண்டடி பின்னால் நகர்ந்து கூட்டத்தோடு நின்றுகொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. சாப்பாட்டை மூடி வைத்தேன். என் முகத்தைப் பார்த்த சீனத் தோழி, ஊரில் ஏதாவது துக்கமா என்று பதறிப்போனாள். இல்லை, திருவிழா என்றேன். அப்படியென்றால் வாழ்த்துகள் என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியாமல் நானும் நன்றி சொல்லிவைத்தேன்.

மாடிப்படியில் நின்று அப்பாவுக்கு போன் செய்தேன். ஏன் சொல்லவில்லை, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேதியை மாற்றியிருப்பேனே என்று அழுதேன். சொல்லப்போனால் கத்தினேன். தப்பைச் செய்துவிட்டுக் கத்துவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பழக்கம். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடுகிறேன், நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றேன்.

"கட்டுன காப்ப அவுக்க முடியுமாம்மா? யாரு கையா இருந்தா என்ன, ஆத்தாவுக்குத் தெரியாதா?"

சரி, அடுத்த வருஷம் உங்களுக்குத்தானே என்றேன். அவரோ அங்க வெயில் எப்படி, சட்டை என்ன எடுத்துட்டு வர என்று பேச்சை மாற்றினார். பிறகு அம்மாதான் சொன்னாள். மூத்தவன் இருக்கும்போதே காப்பு இளையவன் கைக்குப் போனால் அது அப்படியே அந்த வீட்டோடு போய்விடுமாம், திரும்ப வராதாம், ஊர்வழக்கம் அப்படி. உங்கப்பா தெரிஞ்சுதான் குடுத்தாருடி, நீ போட்டுக் குழப்பிக்காதே என்றாள். அதைவிட அவள் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்தில் அப்பாவைக் கட்டிக்கொண்டபோது என் கண் அவருடைய வலது மணிக்கட்டைத்தான் தேடியது. வெறும் கை. வைகாசியில் அந்தக் கையை வெறுமையாக நான் பார்த்ததே இல்லை. தீம் பார்க் வாசலில் எல்லோருக்கும் ஒரு பட்டை மாட்டினார்கள். பிளாஸ்டிக் பட்டை, மஞ்சள் நிறம். அதை மாட்டிக்கொண்டிருந்த இளம்பெண் அப்பாவின் வலது கையைப் பிடித்தாள். அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"வலது கை வேணாம்மா," என்று அவளிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு இடது கையை நீட்டினார்.

அவளுக்குத் தமிழ் தெரியாது. வலது கையில் ஏதோ வலி என்று நினைத்துவிட்டாள். "அங்கிள், பெயின் ஆ? ஓகே ஓகே, நெவர் மைண்ட்," என்று இடது கையில் மெதுவாக மாட்டி, எவ்வளவோ இரக்கத்தோடு எங்களை வரிசைக்குப் போகவிடாமல் பக்கவாட்டு வழியாக அழைத்துப்போனாள். வலியெல்லாம் இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணம் சொல்வேன்? அந்தக் கையில் இருக்க வேண்டியது என்னால் இல்லாமல் போயிற்று என்றா? அவர்கள் பின்னால் நடந்தேன். பிரிவதற்கு முன் அவள், இதைக் கழற்றிவிடக் கூடாது, கழற்றினால் உள்ளே விடமாட்டார்கள் என்று விரலை ஆட்டிச் சொன்னாள். நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் மிகவும் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வரிசையில் காத்திருந்தவர்களைத் திரும்பிப் பார்த்து, எதுக்கும்மா நம்மள மட்டும் முன்னாடி விடறாங்க என்று கேட்டார். வயதானவர்களுக்கு அப்படித்தான் என்று ஒரு பொய்யும் சொன்னேன்.

பெரிய ராட்டினத்தில் அப்பாவும் பேத்தியும் முன்னால், நான் பின்னால். அம்மா கீழேயே உட்கார்ந்து, மாரியாத்தா மாரியாத்தா என்று எங்களுக்காக வேண்டிக்கொண்டிருந்தாள். வண்டி உச்சிக்குப் போய்த் தலைகீழாக விழுந்தபோது யாழினி அலறினாள், நான் அலறினேன். அப்பா சிரித்தார். எழுபதைத் தாண்டிய மனுஷர் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. இறங்கி வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். தலை கலைந்திருந்தது. பேத்தி ஓடிப்போய்ப் பாட்டியிடம் கதை சொல்ல ஆரம்பித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"ஒருவழியா உன்னக் கூட்டிட்டு வந்துட்டேன் பாப்பா."

நான்தான் அவரைக் கூட்டிவந்தேன் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். டிக்கெட் போட்டது நான், தேதி வைத்தது நான், கார் அமர்த்தியது நான். அவரோ அந்த வேன் கிளம்பிப் போன நாளிலிருந்து என்னைக் கூட்டிக்கொண்டு நடந்திருக்கிறார். அங்கேயே, பாப்கார்ன் கடைக்குப் பக்கத்தில், வெட்கமில்லாமல் அழுதேன். ராட்டினத்துல பயந்துட்டா என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் எல்லோரும் பட்டையை வெட்டிக் குப்பையில் போட்டோம். அப்பா போடவில்லை. குளிக்கும்போதும் அது கையிலேயே இருந்தது. கழற்றக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே என்றார். அது அன்றைக்கு மட்டும்தான் என்று விளக்கினேன். இருக்கட்டும் என்றார். ஊரில் மஞ்சள் நீராட்டு நடந்த நாளன்று விடிந்ததும் குளித்துவிட்டு வந்து, கத்தரிக்கோல் கேட்டார். தானே வெட்டி எடுத்தார். அவிழ்த்த காப்பை ஆற்றில்தான் விடுவார்கள்.

"இங்க பக்கத்துல ஓடுற தண்ணி இருக்காம்மா?"

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கால்வாய் உண்டு. ஆனால் அதில் எதையும் போட்டால் அபராதம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். சரி, ஊருக்கு எடுத்துட்டுப் போயி காவேரில விட்டுடறேன் என்றார். பிளாஸ்டிக்ப்பா, அது கரையாது என்றேன். அவர் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆமால்ல என்றார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர்கள் திருச்சிக்குத் திரும்பிப் போன பிறகு, குளியலறைக் குழாயில் அந்தப் பட்டை சுற்றியிருப்பதைப் பார்த்தேன். மறந்து விட்டுப் போனாரா, எனக்கென்று விட்டுப் போனாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை. யாழினி அதற்குள் நிலைக்கதவில் இன்னொரு கோடு ஏறிவிட்டாள். அடுத்த வைகாசியில் முசிறிப் பக்கத்து ஊரில் சித்தப்பாவின் கையில் காப்பு ஏறும். அப்பா வெள்ளைச் சட்டையோடு கூட்டத்தில் நிற்பார். இந்தப் பட்டையைக் குப்பையில் போட எனக்குக் கை வரவில்லை, தண்ணீரில் விடவும் வழியில்லை. ஸ்ரீரங்கத்துக் காலண்டர் தொங்கும் அதே ஆணியில் முடிந்து வைத்திருக்கிறேன். தினமும் தாளைக் கிழிக்கும்போது கையில் இடறுகிறது.