நலங்குப் படம்

தணிகைமணிக்கு மவுசைத் தொடவே பிடிக்காது. மொட்டையடித்துக்கொண்டு மலையிறங்குகிறவர்கள் குடும்பத்தோடு படம் எடுக்க நுழையும் ஸ்டூடியோவில் அவன்தான் கம்ப்யூட்டர் ஆள். மற்ற ஸ்டூடியோக்காரர்கள் ஒவ்வொரு படமாகத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து மாரடித்துக்கொண்டிருக்க, இவன் கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளை வரி தட்டுவான். ஒரு கல்யாணத்தின் படங்கள் மொத்தமும் தானாகத் தெளிந்துவிடும். மங்கலெல்லாம் பளிச்சென்று ஆகும். எந்த நிறம் தூக்கலாக இருக்கிறதோ அதை அடக்கிவிடும். டீ வருவதற்குள் வேலை முடிந்தது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, இருந்துவிட்டுப் போகட்டும்.

வினை என்னவென்றால், அந்த வரி திருத்திய படத்தைப் பழைய படத்தின் மேலேயே எழுதிவிடும். இடத்தை அடைக்குமே என்று அவன்தான் அப்படி வைத்திருந்தான். கேமரா கார்டையும் அடுத்த முகூர்த்தத்துக்காகத் துடைத்துவிடுவார்கள். பழையது போனது போனதுதான்.

அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டுப் பெண் துர்காவின் கல்யாணமும் அந்த வரிக்குள் போய் வந்தது. நலங்கன்று முகம், கழுத்து, கையெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு பல் தெரியச் சிரிக்கிறாள். கம்ப்யூட்டருக்கு நலங்கைப் பற்றி என்ன தெரியும்? மஞ்சள் தூக்கல் என்று உறிஞ்சி எடுத்துவிட்டது. மாநிறத்துப் பெண் மாவு பூசியவள் போல வெளுத்துப்போனாள். ஒருத்தராவது முகம் சுளித்தார்களா? "எம் பொண்ணு எவ்ளோ வெளுப்பா கீறா பாரு!" என்று பெற்றவள் கோவிந்தம்மாளே வாயெல்லாம் பல்லாக ஆல்பத்தைத் தெரு முழுக்கக் காட்டினாள்.

வருஷம் திரும்பவில்லை. காமாலை கண்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்து, துர்கா போய்விட்டாள். பாவி, அந்த வயதில்!

கோவிந்தம்மாள் ஆல்பத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தாள். "மாட்டி வெக்க நலங்குப் படம் ஓணும் நைனா. இது ஓணாம், இது யாரோ பொண்ணு. எங்கையால பூசின மஞ்சளு. அது இருக்கிற படம் குடு."

"அது இல்லம்மா. எங்கையாலதான் அழிஞ்சிபோச்சி."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "சாயம் போனா நூலைத் திருப்பி முக்கறோமே. அதுமாதிரி முக்கிக் குடேன்" என்றாள்.

மவுசைத் தொடாதவன் அன்று அதைக் கட்டிக்கொண்டு அழுதான். கன்னத்தில் மட்டும் மஞ்சள் தீட்டினால் வண்ணக் காகிதம் ஒட்டியதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. கடைசியில் தனக்குத் தெரிந்த வழிக்கே வந்தான். இந்தத் தடவை வெளுத்த படத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, உறிஞ்சிய நிறத்தைப் படம் முழுக்கத் திருப்பி ஏற்றும்படி ஒரு வரி எழுதித் தட்டினான். முகத்தில் மஞ்சள் ஏறியது. அப்பாடா என்று அவனுக்கு மூச்சு வந்தது. கோவிந்தம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

அவள் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தாள். முகத்தில் மட்டுமா ஏறியிருந்தது? கண்ணின் வெள்ளையில், பல்லில், நகத்தில், எல்லாவற்றிலும் மஞ்சள்.

"ஆஸ்பத்திரில கடைசியா இப்டித்தான் நைனா இருந்தா."

தணிகைமணி திரையைத் தன் பக்கம் திருப்பப் போனான்.

"அழிச்சிடு," என்றாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தான். பிறகு அவள், அந்த வெளுத்த படத்தையே பெரிதாகப் போட்டுத் தரச் சொன்னாள். வேறு என்ன செய்வாள்? சட்டம் போட்டதை மாரோடு அணைத்துக்கொண்டு, ஊர்ப்பக்கம் போகும் பொதட்டூர்பேட்டை பஸ்ஸுக்குப் போனாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுக்க ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் அக்காவும் வந்தார்கள். அம்மையார்குப்பத்துக்காரர்கள்தான்.

"துர்கா கல்யாண ஆல்பம் பாத்தோங்க" என்றாள் அக்கா. "அந்த மாதிரி வெளுப்பா வரணும்."

ஸ்டூடியோ முதலாளி இவனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆங், வரும்" என்றான் தணிகைமணி.