கரண்ட் வந்தால் குதிக்கும் கை

ஆம்பூரை விட்டு வாணியம்பாடி திசையில் நடந்துகொண்டிருந்தேன். சட்டைப் பையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சர்க்யூட் பலகை. அதன் நான்கு பின்கள் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தன. தோள் பையில் இரண்டு லுங்கி, ஒரு மீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன். இப்படிக் கிளம்புவது எனக்குப் புதிதில்லை. எட்டாவது ஃபெயிலான பிறகு ஓசூர், திருப்பூர், பெங்களூர் என்று பல இடங்களிலிருந்து இதே மாதிரி நடந்திருக்கிறேன். ஆனால் எங்கிருந்தும் எதையும் எடுத்துக்கொண்டு வந்ததில்லை. இந்த முறை எடுத்திருந்தேன்.

நான் விட்டு வந்தது ஒரு ஷூ கம்பெனி. பின்பக்க ஷெட்டில் எட்டு மாதமாக ஒரு இயந்திரக் கை செய்துகொண்டிருந்தோம். சோலின் ஓரத்தில் சொல்யூஷன், அதாவது பசை, தடவுகிற கை. வரைபடம் ஒரு வெளிநாட்டுக்காரருடையது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று இன்டர்நெட்டில் சும்மா போட்டிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை: அதில் மாற்றம் செய்பவர் அந்த மாற்றத்தைத் தன் பேரோடு அதே பக்கத்தில் போடவேண்டும். டிப்ளமோ படித்த மெயின்டனன்ஸ் இன்சார்ஜ்தான் இதை எனக்குப் படித்துச் சொன்னார். "உன் பேரும் வரும்பா" என்றார். சர்ட்டிபிகேட் என்று ஒரு தாள்கூட இல்லாத எனக்கு அது பெரிய விஷயம்.

வெளிநாட்டுக்காரர் சொன்ன கன்ட்ரோல் போர்டு இங்கே கிடைக்காது. வேறு ஒன்றை நானே வடிவமைத்தேன். மூட்டுகளுக்குப் பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய லாரி வைப்பர் மோட்டார்கள். கை எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று போர்டில் இருக்கும் சிப்புக்குச் சொல்ல, மூட்டுக்கு ஒரு ரேடியோ வால்யூம் கன்ட்ரோல். மூன்று போர்டுகள் கருகின. நான்காவது ஓடியது.

கை எப்படி அசையவேண்டும் என்பதை பசை தடவும் பேஸ்டிங் பிரிவில் இருந்த ஓர் அக்காவைப் பார்த்துத்தான் அளந்தேன். ஒடுகத்தூர்ப் பக்கமிருந்து கம்பெனி வண்டியில் வருகிறவர். குதிகாலில் ஆரம்பித்து, வெளி ஓரமாகப் போய், நுனியில் பிரஷ்ஷைச் சாய்த்து, உள் ஓரமாகத் திரும்புவார். ஒரு சொட்டு வழியாது.

"என் கைய அளந்து எனக்கே வேட்டு வெக்கிறியா?"

"இல்லக்கா, சோல் எடுத்து வெக்க உன்ன விட்டா யாரு?"

"ஆமா, மாமியாளுக்குச் சோறு போடற மாதிரி இதுக்கு முன்னாடி தட்டு வெக்கணும்."

ஒரு கோளாறு மட்டும் தீரவில்லை. கரண்ட் போய்த் திரும்ப வரும்போது கை குதித்தது. சிப் விழித்துக்கொள்ள அரை நொடி ஆகும். அதுவரை மோட்டாருக்குப் போகும் கம்பிகளுக்கு உத்தரவு சொல்ல ஆள் கிடையாது. முழு வேகத்தில் கை கீழே வரும். ஒருமுறை அப்படி வந்து பிளாஸ்டிக் ஸ்டூலின் காலை முறித்தது. அக்கா உட்காரும் ஸ்டூல். அப்போது அவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். வெளிநாட்டுக்காரருக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்காது. அவர் ஊரில் தினமும் இரண்டு மணி நேரம் கரண்ட் போகாது போலும்.

அதற்குத்தான் இந்தச் சின்னப் பலகை. யாராவது பச்சைப் பட்டனை அழுத்தும்வரை மோட்டார்களைப் பிடித்து வைத்திருக்கும். இதைச் செருகவும் பிடுங்கவும் வருகிற மாதிரி செய்தேன். என்னுடையது என்று தனியாகக் கையில் எடுத்துக் காட்ட ஆசை. பிடுங்கினால் கை பழையபடி குதிக்கும் என்பதை அந்த ஆசை மறைத்துவிட்டது.

கிளம்பிய அன்று காலை பிரௌசிங் சென்டரில் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என் போர்டு, என் பலகை, எல்லாம் இருந்தன. கீழே இன்சார்ஜ் பேர், கம்பெனி பேர். என் பேர் இங்கிலீஷில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு முறை தேடினேன்.

கேட்டதற்கு இன்சார்ஜ் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "எட்டாவது ஃபெயிலு டிசைன் பண்ணான்னு போடட்டுமா? கம்பெனிக்கு இன்னா மரியாதை?"

"அப்போ நான் கிளம்பறேன் சார்" என்றேன்.

பன்னிரண்டு மணிக்கு வழக்கமான கரண்ட் கட். ஜெனரேட்டர் லைன் பின் ஷெட்டுக்குக் கிடையாது. எல்லோரும் சாப்பிடப் போனதும் பலகையைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெரியாமல் எடுத்தேன் என்று சொல்லமாட்டேன். அடுத்த தடவை கை குதிக்கட்டும், அப்போது யார் பேரைச் சொல்வார்கள் பார்க்கலாம் என்றுதான் எடுத்தேன்.

ஒரு மணி நேரம் நடந்த பிறகுதான் நேரக் கணக்கு மண்டையில் ஏறியது. இரண்டு மணிக்குக் கரண்ட் வரும். அக்கா ஒன்றரைக்கே வந்து, சோல் வைக்கிற தட்டில் காய்ந்த சொல்யூஷனைச் சுரண்டுவார். கைக்கு நேர் கீழே தலையை நீட்டித்தான் சுரண்டமுடியும்.

டீக்கடை ஒரு ரூபாய் போனிலிருந்து இன்சார்ஜுக்கு அடித்தேன்.

"சார், பின் ஷெட்டு மெயின ஆஃப் பண்ணிடுங்க."

"ஏன், நீ இல்லாட்டி கை ஓடாதா? பேஜார் பண்ணாத, போனை வை."

மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. தோல் மூட்டையோடு ஆம்பூருக்குப் போன ஒரு மொபெட்டில், மூட்டைக்கும் ஓட்டுபவருக்கும் நடுவே தொற்றிக்கொண்டேன். கேட்டில் வாட்ச்மேன், "இன்னாபா, நீ போய்ட்டன்னாங்க?" என்றார். அவரைத் தாண்டி ஷெட்டுக்கு ஓடினேன்.

அக்கா கைக்குக் கீழேதான் குனிந்திருந்தார். தோளைப் பிடித்து இழுத்தேன்.

"ஏய், இன்னா ஆச்சு உனக்கு? டிபன் பாக்ஸ மறந்துட்டுப் போய்ட்டியா?"

"ஆமாக்கா" என்று சொல்லிப் பலகையைச் செருகினேன். கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. கை அசையவில்லை.

பிறகு போர்டின் சப்ளையை எடுத்துவிட்டு, அதன் அடியில் ஒரு ரெசிஸ்டரை நிரந்தரமாகப் பற்றவைத்தேன். காப்பிக்கொட்டை அளவுகூட இல்லாத பொருள், சிப் விழிக்கும்வரை மோட்டார் கம்பிகளை அடக்கி வைக்கும். இனி பலகை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை குதிக்காது. முதல் நாளே செய்திருக்கவேண்டியது.

இன்சார்ஜ் உள்ளே வந்தார். "பாத்தியா, எங்க போய்டுவ? மன்னிப்பு லெட்டர் எழுதிக் குடு, மேல பேசறேன்."

"அடில ஒரு ரெசிஸ்டர் போட்டிருக்கேன் சார். நெட்ல அதையும் போட்டுடுங்க."

"எதுக்கு?"

எதற்கு என்று சொன்னால், பன்னிரண்டு மணிக்கு மேல் நான் செய்ததையும் சொல்லவேண்டும். அக்கா பக்கத்தில்தான் தட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த ரெசிஸ்டரை இன்சார்ஜ் கடைசிவரை அந்தப் பக்கத்தில் போடவில்லை. அதைப் பார்த்துக் கை செய்கிறவர்கள் எல்லாம் என் தப்பை அவர் பேரில் செய்துகொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலை வாணியம்பாடியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஷூ யூனிட்டில் போய் நின்றேன்.

"இன்னா வேலை தெரியும்?" என்றார் சூப்பர்வைசர்.

"எலக்ட்ரானிக்ஸ். போர்டு டிசைன் பண்ணுவேன்."

"அதெல்லாம் இங்க எதுக்குபா? பேஸ்டிங்ல ஆளு கம்மி. பொம்பளைங்கதான் செய்வாங்க. உக்கார்றியா?"

உட்கார்ந்தேன். பிரஷ்ஷை முக்கி, குதிகாலில் ஆரம்பித்து, வெளி ஓரமாகப் போய், நுனியில் சாய்த்து, உள் ஓரமாகத் திரும்பினேன். சூப்பர்வைசர் சோலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வழியவே இல்ல. எங்க கத்துக்கின?"

"ஆம்பூர்ல. ஒரு அக்காகிட்ட."

அவர் அடுத்த தட்டை என் பக்கம் தள்ளினார்.