சுண்டுவிரல் விட்ட எழுத்து

நெப்ராஸ்காவில், லார்க்ஸ்பர் கவுண்ட்டியின் மாநிலக் கோர்ட்டில், ஆர்டித் குசெரா முப்பத்தொரு வருடம் ஸ்டெனோவாக இருந்தாள். நீதிபதிக்குக் கீழே, சாட்சி நாற்காலிக்குப் பக்கத்தில், இருபத்திரண்டு விசை கொண்ட சின்ன மெஷின் முன்னால் அவள் இடம். அந்த அறையில் நீதிபதியையே நிறுத்தச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள்தான். தயங்காமல் சொல்வாள்.

"ஐயா, நீங்க, வக்கீல், சாட்சி, மூணு பேரும் ஒண்ணா பேசறீங்க. எனக்கு இருக்கறது ரெண்டு கை."

நிமிடத்துக்கு இருநூற்று அறுபது வார்த்தை. மாநில ஸ்டெனோக்கள் சங்கப் போட்டியில் இரண்டு முறை கோப்பை வாங்கினாள். இரண்டு முறையும் இரண்டாவதாக வந்தவர் வெர்ன் ஒல்ஸன், லிங்கன் நகரில் ஃபெடரல் கோர்ட்டின், அதாவது மத்திய அரசு கோர்ட்டின், ஸ்டெனோ. ஒரு கோப்பையில் பேனா வைத்திருந்தாள், மற்றதில் நாய் பிஸ்கட்.

யார் பேசினாலும் அவள் விரல்கள் தாமாகத் தட்டும். கார் ஸ்டியரிங்கில் ரேடியோ செய்தி, சர்ச்சில் பிரசங்கம், பக்கத்து மேஜைக்காரர்களின் சண்டை. சாவதற்கு முந்தைய வாரம் ஆஸ்பத்திரியில், கண் மூடியிருந்தபோதும், நர்ஸ் பேசுவதைப் போர்வைமேல் தட்டிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. எழுத வேண்டியது 2009ஆம் வருடத்தைப் பற்றி.

அந்த அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கெயில் ஷ்ரோடர் என்ற பெண் அவள் அறைக் கதவைத் தட்டினாள். ஃபெடரல் கோர்ட்டில் வசதியில்லாதவர்களுக்காக வாதாடும் வக்கீல்.

"லானி ஸ்டால் கேஸ் ஞாபகம் இருக்கா, மேடம்?"

"தானியக் கிடங்கு தீ. ரெண்டாயிரத்து ரெண்டு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல, ஒரு பூனைக்கு வால் கருகிச்சு. அந்த வாலைப் பத்தி மட்டும் நாலு பக்கம் தட்டியிருக்கேன்."

"அந்த ஆளு இன்னும் உள்ளதான் இருக்காரு. இருபது வருஷம் போட்டாங்க. ஏழு முடிஞ்சிடுச்சு."

லானி மேல் இருந்த ஒரே சாட்சியம் அவனுடைய சொந்த வாக்குமூலம். வக்கீல் வேண்டும் என்று கேட்ட பிறகும் போலீஸ் அவனைப் பேச வைத்ததா, தானாகவே பேசினானா என்பதுதான் கேள்வி. அதைக் கோர்ட் விசாரித்த நாளில், அவனைப் பேச வைத்த போலீஸ்காரரான துணை ஷெரீஃப் சாட்சி சொன்னார். தீர்ப்பு எழுதும் முன் நீதிபதி ஓய்வு பெற்று அரிசோனாவுக்கு கோல்ஃப் ஆடப் போய்விட்டார். அடுத்து வந்தவர் ஆர்டித் அடித்துக் கொடுத்த பதிவை மட்டும் படித்துத் தீர்ப்பெழுதினார். முப்பத்திரண்டாம் பக்கம், பதினான்காம் வரியில் துணை ஷெரீஃப் இப்படிச் சொல்லியிருந்தார்: "வக்கீல் இல்லாம என்னால பேச முடியும்னான். நாங்க ஒரு காபி குடுத்தோம். பேசினான்."

வாக்குமூலம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு போனது. மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. எல்லா இடத்திலும் நீதிபதிகள் அதே வரியை எடுத்துப் போட்டு, லானியைத் திருப்பி அனுப்பினார்கள்.

"முடியாதுன்னுதான் சொன்னேன்னு அன்னிலேருந்து கத்திக்கிட்டிருக்காரு" என்றாள் கெயில். "அந்த போலீஸ்காரரே கோர்ட்ல, இவர் முடியாதுன்னாருன்னுதான் சாட்சி சொன்னாராம். மாநிலக் கோர்ட் கதவு எல்லாம் மூடியாச்சு. இப்பதான் ஃபெடரல் கோர்ட்டுக்கு வர முடியும். அங்க அவர் தீ வச்சாரா இல்லையான்னு பாக்க மாட்டாங்க. அவரோட உரிமையை மதிச்சாங்களான்னு மட்டும்தான் பாப்பாங்க."

"அப்போ அவரோட வக்கீல் எங்க போயிருந்தாரு?"

"பக்கத்துலதான் இருந்தாரு. காரைச் சோதனை போட்டதைப் பத்தியே வாதாடிக்கிட்டிருந்தாரு. அந்த போலீஸ்காரரும் இப்ப உயிரோட இல்ல."

"நான் அடிச்சது தப்புன்னு சொல்ல வந்தீங்களா?"

"நீங்க அடிச்ச காகிதச் சுருள் இன்னும் இருக்கான்னு கேக்க வந்தேன்."

"இருக்கு. அதுலயும் இதேதான் இருக்கும். வந்ததுக்கு ஒரு குக்கி எடுத்துக்கிட்டுப் போங்க."

கெயில் இரண்டு எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஆர்டித் கோர்ட்டின் அடித்தளத்துக்கு இறங்கினாள். கெயிலைத் தோற்கடிக்கத்தான் போனாள். பெட்டி கிடைத்தது. மூன்று விரல் அகலத்தில் நீண்ட காகிதம். ஒவ்வொரு அழுத்தத்துக்கும் ஒரு வரி, அவளுடைய சுருக்கெழுத்தில். அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஆங்கிலத்தில் முடியும் என்பது கேன், முடியாது என்பது கேன்ட். நடுவே ஓர் எழுத்துதான். அவள் மெஷினில் அந்த 'ட்' வலது சுண்டுவிரலில் இருக்கிறது. காகிதத்தில், அது இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் இருந்தது.

அப்போதுதான் துணை ஷெரீஃப் சாட்சி சொன்ன வாரம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்தைய வியாழக்கிழமை பவுலிங் ஆடும்போது திரும்பி உருண்டு வந்த பந்துக்கும் இன்னொரு பந்துக்கும் நடுவே சுண்டுவிரல் மாட்டிக்கொண்டது. டாக்டர் பட்டை வைத்துக் கட்டி, பத்து நாள் லீவு எடுக்கச் சொன்னார். "ஒன்பது விரல் போதும்" என்று திங்கட்கிழமை வேலைக்கு வந்து, கட்டுப் போட்ட சுண்டுவிரலால் லேசாகவே தட்டினாள். லீவு போட்டால் அவளுக்குப் பதிலாக வருகிற ஆள் காற்புள்ளி வைக்கத் தெரியாதவன்.

வீட்டுக்குப் போனதும் ஒமாஹாவில் இஞ்சினியராக இருக்கும் மகளுக்குப் போன் செய்தாள்.

"ஒரு கீயை பாதிதான் அமுக்கினா என்ன ஆகும்?"

"எந்த மாடல்மா? பழசா? அதுல ரெண்டு வேலை நடக்கும். அச்சு மை நாடாவைத் தொடும், அது ஒண்ணு. கம்ப்யூட்டருக்குப் போக, கீழ மின்சாரத் தொடுப்பு சேரணும், அது இன்னொண்ணு. மை முதல்ல தொட்டுடும். தொடுப்பு சேர இன்னும் கொஞ்சம் இறங்கணும்."

"அப்போ காகிதத்துல லேசா விழுந்து, கம்ப்யூட்டர்ல விழாம போகலாம்."

"போகலாம். ஏன்?"

"நான் கம்ப்யூட்டர்ல இருந்துதான் அடிச்சுக் குடுத்தேன். இத மெஷின் தப்புன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். ஆனா மெஷின் சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. உன் விரல்தான் செய்யல."

"இந்த பதிலுக்காகவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினேன்?" என்று ஆர்டித் போனை வைத்தாள்.

மூன்று நாள் அவள் கெயிலைக் கூப்பிடவில்லை. அந்த நிழலை அழுக்கு என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. அவள் சுருக்கெழுத்தை அவளைப் போலப் படிப்பவர் உலகத்தில் கிடையாது. உண்மையைச் சொன்னால், முப்பத்தொரு வருடமாக அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த எல்லாப் பக்கத்தையும் எவனாவது ஒரு வக்கீல் கிளறுவான். சொல்லாவிட்டால் லானி இன்னும் வருடக்கணக்கில் உள்ளே இருப்பான்.

நான்காம் நாள் கெயிலுக்குப் போன் செய்து, "இருக்கு. ஒரு 'ட்' இருக்கு" என்றாள். பிறகு சனி, ஞாயிறு இரண்டு நாளும் அடித்தளத்தில் உட்கார்ந்து அன்றைய சுருள் முழுவதையும் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாள்.

டிசம்பரில் லிங்கனில் விசாரணை. சாட்சி நாற்காலியில் உட்கார்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கீழே மெஷின் முன்னால் வெர்ன். கெயில் முதல் கேள்வி கேட்டாள்: அந்தச் சுருள் அவளுடையதுதானா?

ஆர்டித் தலையாட்டினாள்.

வெர்ன் கையை எடுத்துவிட்டார். "சாட்சி வாயைத் திறந்து சொல்லணும். தலையாட்டறதுக்கு என் மெஷின்ல கீ இல்ல."

"ஆமாம்" என்றாள் ஆர்டித், காது சிவந்து.

"இத்தனை வருஷமா இந்த நாளுக்காகத்தான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று வெர்ன் முணுமுணுத்தார். அதை அவர் பதிவு செய்யவில்லை.

மாநில அரசின் வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். மாநிலக் கோர்ட் பார்க்காத புதுச் சாட்சியத்தை இங்கே கொண்டுவரக் கூடாது என்றார். நீதிபதி காகிதச் சுருளை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்.

"இது ஏழு வருஷமா உங்க கட்டடத்துலயேதான் கிடந்திருக்கு. புதுசா ஒண்ணும் வரல. பழசைச் சரியாப் படிக்கறோம், அவ்வளவுதான். உக்காருங்க."

உட்கார்ந்தவர், தன் முறை வந்ததும் நேராக ஆர்டித்திடம் வந்தார்.

"இது வெறும் அழுக்கா இருக்கலாம் இல்லையா, மேடம்?"

"அன்னிக்கு நானூத்தி பன்னிரண்டு 'ட்' அடிச்சேன். எல்லாத்தையும் எண்ணினேன். அத்தனையும் இதே மாதிரி வெளிறித்தான் இருக்கு, இதே இடத்துலதான் இருக்கு. அழுக்கு இவ்வளவு ஒழுங்கா வராது. என் வீட்டுக்கு வந்தா காட்டறேன்."

அறையில் சிரிப்பு. அவர் சிரிக்கவில்லை.

"நானூத்தி பன்னிரண்டுல கம்ப்யூட்டர் எத்தனையை விட்டுச்சு?"

"பத்தொன்பது."

"பத்தொன்பது தப்பையும் கவனிக்கலையா?"

"பதினெட்டைப் பிடிச்சுட்டேன். 'வென்ட்' வர்ற இடத்துல 'வென்'னு இருந்தா வாக்கியம் நொண்டும், கண்ணுல படும். இந்த ஒண்ணு நொண்டல. ரெண்டு விதமாவும் அர்த்தம் வருது. அதனாலதான் என்னைத் தாண்டிப் போயிடுச்சு. எனக்கப்புறம் எல்லா நீதிபதியையும் தாண்டிப் போயிடுச்சு."

"அப்போ முப்பத்தொரு வருஷத்துல இந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கும்?"

இந்தக் கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மூன்றையும் விட்டுவிட்டாள்.

"தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணு. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் விரல்கள் மடியில் அந்தப் பதிலைத் தட்டிக்கொண்டிருந்தன. வெர்ன் அதைப் பார்த்து, "நான்தான் தட்டறேன், நீ சும்மா இரு" என்பது போல் புருவத்தை உயர்த்தினார். விசாரணை முடிந்ததும் மிளகாய்ச் சூப்பும் சின்னமன் ரோலும் வாங்கிக் கொடுத்தார்.

"எத்தனை வேகமாப் பேசினே, தெரியுமா?"

"உன்னால தட்டிப் பிடிக்க முடியலையா?"

"பிடிச்சேன். மூச்சு வாங்கிடுச்சு."

ஜனவரியில் ஃபெடரல் நீதிபதியின் உத்தரவு வந்தது. வாக்குமூலம் செல்லாது. நூற்றிருபது நாளுக்குள் அது இல்லாமல் புதிதாக வழக்கு நடத்த வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். ஆகவே லானி மறுபடி லார்க்ஸ்பர் கவுண்ட்டிக்கே வந்தான், ஆர்டித்தின் கோர்ட்டுக்கே. அவள் அவனைப் பார்த்து ஏழு வருடம் ஆகியிருந்தது. முடி பாதி போயிருந்தது. கெயில் பக்கத்தில் நின்றாள்.

நீதிபதி ஆரம்பிக்கும் முன் தொண்டையைக் கனைத்தார்.

"நமக்கு இங்க ஒரு சங்கடம் இருக்கு. இந்தக் கேஸ்ல மிஸஸ் குசெரா சாட்சியும் சொல்லியிருக்காங்க. அவங்க பதிவு செய்யறதுல யாருக்காவது ஆட்சேபம் இருந்தா, பக்கத்து கவுண்ட்டியிலேருந்து வேற ஆளை வரவழைக்கலாம்."

அரசு வக்கீல் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார். கெயில் லானியைப் பார்த்தாள். ஆர்டித் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வேலையைப் பற்றிய தீர்ப்பைத் தானே தட்ட வேண்டியிருந்தது. விரல்கள் விசைமேல் காத்திருந்தன.

லானி குனிந்தபடி ஏதோ சொன்னான்.

"மன்னிக்கணும்" என்றாள் ஆர்டித். "சரியாக் கேக்கல. கொஞ்சம் சத்தமா."

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். அவளுக்கு முதல் தடவையே கேட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"அவங்களே இருக்கட்டும்னேன்" என்றான் லானி, கடைசி வரிசை வரை கேட்கும்படி. "தப்புன்னா தப்புன்னு சொல்ற ஆளு எனக்கு இந்தக் கட்டடத்துல வேற யாரும் கிடைக்கல."

அவள் தட்டினாள். பிறகு அரசு வக்கீல் எழுந்து, வாக்குமூலம் இல்லாமல் தன்னிடம் மிஞ்சியிருப்பது கருகிய வால் ஒன்றுதான் என்பதை வேறு வார்த்தைகளில் சொல்லி, வழக்கைத் திரும்பப் பெற்றார். நீதிபதி அனுமதித்தார். எல்லாம் சேர்த்து இரண்டே பக்கம்.

போகும் வழியில் லானி அவள் மேஜையருகே நின்றான்.

"எல்லாம் பதிவுல ஏறிடுச்சா, மேடம்?"

"ஒண்ணு விடாம. சீக்கிரம் கிளம்புங்க, இவங்கள்ல யாராவது மனசு மாறறதுக்குள்ள."