2,049-வது வரி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய் என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகச் சிரித்தவள் நான். இது நடந்தது பட்டப்பகலில், டியூப்லைட் எரிகிற அலுவலகத்தில். நேரத்தையெல்லாம் அன்றே குறித்து வைத்துவிட்டேன். அதனால் ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஒவ்வொரு லிஃப்ட்டும் தான் செய்வதையெல்லாம் ஒரு சிப்பில் பதிந்துகொண்டே இருக்கும். பைனரி ஃபைல். சும்மா திறந்தால் கிறுக்கல் மாதிரி இருக்கும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை அடித்தால், ஒரு நிகழ்வுக்கு ஒரு வரி என்று அடுக்கி, நிறம் பூசிக் காட்டும். சைபருக்குச் சாம்பல். உள்ளே இருக்கிற எடைக்குப் பச்சை. கதவு திறந்தால் சிவப்பு. மெக்கானிக் வெளியிலிருந்து சாவி போட்டுத் திறந்தால் கூடவே மஞ்சள்.

அன்று காலை 11:26. எங்கள் மெக்கானிக், நெட்டை அண்ணன் என்று நாங்கள் கூப்பிடுகிறவர், ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் திறந்த கதவுக்குள் கால் வைத்தார். லிஃப்ட் அங்கே இல்லை. அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. மின்சாரத்தை நிறுத்தி, சிப்பைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தார்கள்.

மூன்று மணிக்கு அவர் மனைவி போன் செய்தார். அழவில்லை.

"அவரே சாவி போட்டுத் திறந்து விழுந்துட்டாருன்னு சொல்றாங்க. அப்படியா? அதை மட்டும் பார்த்துச் சொல்லும்மா."

"பாக்குறேன் அண்ணி."

3:10. கட்டளை அடித்தேன். 2,048 வரிகள். கடைசி வரி 11:26. சிவப்பு இருந்தது. மஞ்சள் இல்லை. கதவு தானாகத் திறந்திருக்கிறது. தப்பு எங்கள் கம்பெனி மேல்.

மேனேஜர் அறிக்கையை ஏற்கெனவே டைப் செய்து வைத்திருந்தார். 'சாவியைப் பயன்படுத்திக் கவனக்குறைவாகத் திறந்தார்.'

"கையெழுத்தைப் போடும்மா. போனவன் போயிட்டான். இருக்கிற நாப்பது பேரோட பொழப்பைப் பாரு."

போட்டேன். வருத்தமாக இருந்ததா என்று கேட்டால்... இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி மனசு மரத்துப் போயிருந்தது. அந்த ஒரே தாளை உறையில் போட்டு நானே ஒட்டினேன். 3:45-க்கு டிரைவர் அதை விசாரணை அதிகாரியிடம் எடுத்துப் போனார்.

"ஃபைலை அழிச்சிடு" என்று சொல்லிவிட்டு மேனேஜரும் கிளம்பினார்.

அழிப்பதற்கு முன், ஏனோ இன்னொரு முறை கட்டளை அடித்தேன்.

2,049 வரிகள்.

புது வரியில் நேரம் 3:48. நாலாவது மாடி. எடை 47, பச்சையில். அது பதினாறு பதினாறாக எண்ணும் மெஷினின் கணக்கு. நம் கணக்கில் எழுபத்தொரு கிலோ. மாதாமாதம் எடைச் சோதனைக்கு நெட்டை அண்ணன்தான் லிஃப்ட்டில் ஏறி நிற்பார். எப்போதும் எழுபத்தொன்று.

ஆனால் சிப் லிஃப்ட்டில் இல்லை. என் மேசையில், குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஏதோ கோளாறு என்று திரும்ப அடித்தேன்.

2,050. நேரம் 3:51. மூன்றாவது மாடி. எழுபத்தொன்று.

ஃபைலை அழித்தேன். திரும்ப அடித்தேன்...

2,051. நேரம் 3:54. இரண்டாவது மாடி.

அப்போதும் மனசு மரத்தே இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

3:57. முதல் மாடி.

எங்கள் அலுவலகம் தரைத்தளத்தில். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட்டே கிடையாது.

4:00. தரைத்தளம். சிவப்பு.

எடை... 00. சாம்பல்.

இறங்கிவிட்டார்.

டிங்...

என் முதுகுக்குப் பின்னால்.

நான் திரும்பவில்லை.

4:04. பக்கத்து அறையில் பிரிண்டர் ஓடியது. சர்... சர்... ஒரே ஒரு தாள்.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மறுநாள் பார்த்தபோது பிரிண்டரில் தாள் எதுவும் இல்லை.

பத்து நாள் கழித்து விசாரணை அதிகாரி கூப்பிட்டார்.

"உங்க உறையில ரெண்டு தாள் இருந்துச்சு. ஒண்ணு சாவி போட்டார்னு சொல்லுது. இன்னொண்ணு, கலர் கலரா வரி இருக்கே, அது போடலைங்குது. எது உண்மை?"

"கலர் தாள் சார்."

"அப்போ இந்தக் கையெழுத்து?"

"என்னோடதுதான்."

நெட்டை அண்ணன் மேல் தப்பில்லை என்று முடிவானது. எனக்கு வேலை போனது. அண்ணி போன் செய்து, "நீ செஞ்சதை மறக்கவே மாட்டேம்மா" என்றார். நான் செய்யவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றுவரை வெட்கமாக இருக்கிறது.

அந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அதிகாரியிடம் போய் நின்றேன். சிவப்பு, பச்சை, சாம்பல், எல்லாம் அப்படியே இருந்தது. எங்கள் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும்தான் உண்டு. சரி, அதைக்கூட விடுங்கள். தாளின் அடியில் அச்சான நேரம் 4:04.

பக்கத்திலேயே உறையும் இருந்தது. அதன்மேல் அவர்கள் அலுவலக முத்திரை. பெறப்பட்டது, 3:58. மறுநாள் காலை அவர் பிரிக்கும்வரை நான் போட்ட ஒட்டு பிரியாமலே இருந்ததாம்.